கல்லாவுக்கு இந்தப் பக்கம்

வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். 22 வருஷம் காபிக் கடை நடத்தினேன் என்றும், பல நாள் என் முதல் போணி தெருவில் படுத்து எழுந்து வந்த ஒருவருடையது என்றும் போன தடவை போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டுவிட்டீர்கள். சரி, பேசுவோம்.

கேள்வி: அக்கா, எட்டு மாதம் முன்பு சின்னதாக ஒரு காபிக் கடை ஆரம்பித்தோம். தினமும் காலையில் ஒருவர் மூன்று பைகளுடன் வருகிறார். இருப்பதிலேயே விலை குறைந்த காபியை வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்காருகிறார். யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் பக்கத்து மேசைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். 'அரை மணி நேரம்தான் உட்காரலாம்' என்று பலகை மாட்டச் சொல்கிறார் என் கணவர். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்ய? - புதுக் கடைக்காரி

பலகை மாட்டுவதற்கு முன்னால் ஒரு வாரம் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு துண்டுத் தாளைக் கல்லாவில் வைத்துக்கொண்டு, யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்று குறித்து வையுங்கள். நானும் ஒரு காலத்தில் குறித்தேன். என் கடையில் அதிக நேரம் உட்கார்ந்தவர் பைக்காரர் இல்லை. மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரே காபியை ஆறப்போட்டு ஆறப்போட்டுக் குடித்த ஒரு பையன். நாலேகால் மணி நேரம், போதாததற்கு என் மின்சாரமும். அவனைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. 'பாவம், படிக்கிற பிள்ளை' என்றார்கள். பலகை மாட்டினால் அவனுக்கும் சேர்த்துத்தான் மாட்ட வேண்டும். பைக்காரர் வரும்போது மட்டும் அது உங்கள் கண்ணில் படுமென்றால், அந்தப் பலகையில் எழுதியிருப்பது அரை மணி நேரமே இல்லை.

இந்த விஷயத்தில் பெரிய நிறுவனங்களே தடுமாறியிருக்கின்றன. 2018 ஏப்ரலில் பிலடெல்பியாவில் ஒரு ஸ்டார்பக்ஸ் கடையில் எதுவும் வாங்காமல் இன்னொருவருக்காகக் காத்திருந்த இரண்டு கறுப்பின இளைஞர்களைப் போலீஸ் கைது செய்தது. உலகம் முழுக்கக் கண்டனம். அடுத்த மாதமே, எதுவும் வாங்காவிட்டாலும் யாரும் உட்காரலாம், கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்று அந்த நிறுவனம் அமெரிக்காவில் அறிவித்தது. 2025 ஜனவரியில், வாங்குபவர்களுக்கு மட்டும்தான் என்று திரும்ப மாற்றிக்கொண்டது. அவ்வளவு ஆள், அம்பு, வக்கீல் வைத்திருப்பவர்களே ஏழு வருஷத்துக்குள் இப்படியும் அப்படியும் போயிருக்கிறார்கள். எட்டு மாதக் கடைக்காரி குழம்புவதில் தப்பே இல்லை.

உங்கள் ஆள் காசு கொடுத்து வாங்குகிறார் என்பதை மறந்துவிடாதீர்கள். அவர் வாடிக்கையாளர். எனக்குத் தெரிந்த ஒரே வழி, அவரை அப்படியே நடத்துவதுதான். இதை நான் நல்லபடியாகக் கற்றுக்கொள்ளவில்லை. தப்புச் செய்துதான் கற்றேன்.

என் கடைக்கு ஒரு பெரியவர் வருவார். பாதி கதவு திறக்கும்போதே வந்து நிற்பார். உள்ளங்கையில் சில்லறையை இரண்டு தரம் எண்ணிவிட்டுத்தான் கல்லாவில் வைப்பார். சுவரோர மேசை. பைகளைக் காலுக்கிடையில் வைத்து, ஒரு பையின் வாரைக் கணுக்காலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வார். கண் அசந்தால் யாராவது இழுத்தால் தெரிய வேண்டுமே, அதற்காக. ஒருநாள் ஒரு அம்மாள் என்னிடம் வந்து, "அவருக்குக் கொடுக்கிற கோப்பையிலேயேதான் எங்களுக்கும் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டார். நல்ல வாடிக்கை அவர். மறுநாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? பெரியவருக்குக் காகிதக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். கடைக்குள் உட்கார்ந்து குடிப்பவருக்கு.

இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது நாள் சுற்றியுள்ள மேசைகளை ஒருமுறை பார்த்தார். கணுக்காலில் இருந்த வாரை அவிழ்த்தார். காகிதக் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய், தூறலில் நின்று குடித்துவிட்டுப் போய்விட்டார். அப்புறம் பதினோரு நாள் வரவில்லை. எண்ணினேன். திரும்ப வந்தபோது பீங்கான் கோப்பையில் கொடுத்தேன். மன்னிப்பெல்லாம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் கோப்பையின் காதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு குடித்தார். அந்த அம்மாளிடம், எல்லாக் கோப்பையும் ஒரே கொதிநீரில்தான் கழுவுகிறோம் என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மாளும் தொடர்ந்து வந்தார். பயந்த அளவுக்கு யாரும் ஓடிப்போகவில்லை.

வாடை பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் பக்கத்து மேசைக்காரர்கள் முகம் சுளிப்பதற்கு அதுதான் காரணமோ என்று தோன்றுகிறது. மறைக்க வேண்டியதில்லை, அது உண்மையான சிக்கல். குளிக்க இடமில்லாதவர் குளிக்காததில் குணக்கேடு என்ன இருக்கிறது? காற்றோட்டமான மேசையை அவருக்கென்று காலியாக வைத்திருங்கள். கடை திறந்ததும், கூட்டம் சேரும் முன், கழிப்பறையில் முகம் கைகால் கழுவிக்கொள்ளலாம் என்று தனியாகச் சொல்லுங்கள். நாலு பேர் காதில் விழச் சொல்லாதீர்கள். அவர் நேரம் எடுத்துக்கொள்வார். அதற்காகத்தான் கூட்டம் சேரும் முன்.

ரே ஓல்டன்பர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1989-இல் வந்த தன் புத்தகத்தில் காபிக் கடை மாதிரியான இடங்களை 'மூன்றாவது இடம்' என்று சொன்னார். வீடு முதல் இடம், வேலை இரண்டாவது, மனிதர்கள் சும்மா கூடி உட்காரும் இடம் மூன்றாவது. உங்கள் பைக்காரருக்கு முதலும் இல்லை, இரண்டாவதும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று மணி நேரத்தை அப்படிப் பாருங்கள். உங்கள் கணவருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். அவர் கெட்டவர் இல்லை, வாடகைக்குப் பயப்படுகிறார்.

கேள்வி: பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று பெரியவர்கள் சொன்னது உங்களுக்குத் தெரியாதா? - ஒரு வாசகர்

தெரியும். 22 வருஷம் பாத்திரம் கழுவியவள். உள்ளே என்ன ஊற்றினாலும் பாத்திரம் ஏந்திக்கொள்ளும், எங்கிருந்து வந்தாய் என்று கேட்காது. தவிர, நான் எழுதியது காபி விற்றதைப் பற்றி. பிச்சை எங்கிருந்து வந்தது?

கேள்வி: இத்தாலியில் ஒரு காபிக்கு இரண்டு காபி காசு கொடுத்துவிட்டுப் போவார்களாமே? எங்கள் கடையிலும் அதைச் செய்ய ஆசை. நடக்குமா அம்மா? - கல்லூரி வாசலில் கடை வைத்திருப்பவன்

நேப்பிள்ஸ் நகரத்து வழக்கம் தம்பி. 'காஃபே சோஸ்பேசோ' என்பார்கள். சோஸ்பேசோ என்றால் நிறுத்தி வைத்தது, தொங்கலில் விட்டது. கையில் கொஞ்சம் காசு புரள்கிற நாளில் ஒரு காபி குடித்துவிட்டு இரண்டுக்குக் கொடுத்துவிட்டுப் போவது. அப்புறம் வரும் இல்லாதவர் ஒருவர், "சோஸ்பேசோ ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பார். இருந்தால் கிடைக்கும். கொடுத்தவருக்குக் குடித்தவரைத் தெரியாது, குடித்தவருக்குக் கொடுத்தவரைத் தெரியாது. நடுவில் மங்கிப்போய், மறுபடி தலையெடுத்தது. 2011-இல் டிசம்பர் 10-ஐ அங்கே சோஸ்பேசோ காபிக்கான நாளாகவே வைத்தார்கள். அது மனித உரிமை நாளும்கூட.

கடைக்காரர்களுக்கு 'பாக்கி' என்றாலே வயிற்றைக் கலக்கும். இது ஒன்றுதான் சந்தோஷமான பாக்கி.

நடக்குமா என்று கேட்டாயே, நான் செய்து பார்த்தேன். முதலில் சொதப்பினேன். கல்லாவுக்கு எதிர்ச் சுவரில் ஒரு பலகை வைத்து, காசு கொடுத்தவர்கள் ஒரு வண்ணச் சீட்டை எழுதி அதில் ஒட்டலாம் என்றேன். 'இனிய காலை', 'உங்களுக்காக', பூ, இதயம். ஒரு மாதத்தில் சுவர் நிறைந்துவிட்டது. படம் எடுத்தார்கள், பாராட்டினார்கள். சீட்டை எடுத்து நீட்டிக் காபி வாங்கியவர் ஒருவர்கூட இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் கோப்பை கழுவ வரும் பெண்தான் சொன்னாள்: "எல்லாரும் பார்க்க நடுக்கடையில் போய்ச் சீட்டைப் பிய்க்கணுமே அக்கா. நீங்க செய்வீங்களா?"

சுவரைக் காலி செய்தேன். கல்லா ஓரத்தில், ஆள் நின்றால் மறைகிற இடத்தில், ஒரு கிண்ணம். அதில் எல்லாருக்கும் கொடுக்கிற அதே ரசீதுகள், காசு கட்டியவை. வேண்டியவர் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டுவார். வரிசையில் அடுத்து நிற்பவருக்கு, அவர் காசு கட்டி ரசீது வாங்கியவர் மாதிரிதான் தெரியும். அன்றிலிருந்து கிண்ணம் காலியாகத் தொடங்கியது.

இன்னும் இரண்டு விஷயம். ரசீதுக்கு என்ன கிடைக்கும் என்பதை நீ தீர்மானிக்காதே. காபியா, பாலா, சாப்பிட ஏதாவதா என்று அவர் சொல்லட்டும். கணக்கைத் தனி நோட்டில் எழுது. அடுத்தவர் காசு உன் கையில் இருக்கிறது. எத்தனை வந்தது, எத்தனை போனது என்று யார் கேட்டாலும் காட்ட முடிய வேண்டும். தகுதி இருக்கிறதா, குடிகாரரா, நிஜமாகவே வீடில்லாதவரா என்றெல்லாம் விசாரிக்கும் ஆசை வரும். விட்டுவிடு. நல்ல சட்டை போட்ட ஒருவர் என் கிண்ணத்தில் எட்டு நாள் தொடர்ந்து எடுத்தார். கொதித்தேன். கேட்கவில்லை. ஒன்பதாவது நாளிலிருந்து வரவில்லை. என்ன கதையோ.

கேள்வி: காசாகக் கொடுக்கலாமா, சாப்பாடாக வாங்கிக் கொடுக்கலாமா? - இல்லத்தரசி

என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். நான் கேட்டபோது பெரியவர் சொன்னது: காலுறை. ஈரக் காலோடு நாள் கணக்கில் நடந்தால் தோல் வெளுத்து, ஊறி, வெடித்து, புண்ணாகிவிடும். எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. எல்லாரும் பழைய சட்டை கொடுக்கிறோம், பழைய காலுறையை யாருக்குக் கொடுக்க முடியும்? புதிதாக இரண்டு ஜோடி வாங்குங்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு 19 வயது. ஒரு காபிக் கடையில் மாலை வேலை. சில சமயம் தள்ளாடிக்கொண்டு, வாய் குழறிக்கொண்டு சிலர் வந்து மேசையில் தலையைச் சாய்த்துவிடுகிறார்கள். 'எழுப்பி அனுப்பு' என்கிறார் மேலாளர். பயமாக இருக்கிறது. இரக்கமும் வருகிறது. - பெயர் வேண்டாம்

பயம் தப்பில்லை கண்ணு. முதல் விஷயம், இது தனியாகச் செய்கிற வேலை இல்லை. 19 வயதுப் பெண்ணைத் தனியாக அனுப்பிவிட்டுத் தான் உள்ளறையில் உட்கார்ந்திருக்கும் மேலாளரிடம், "நீங்களும் கூட வாங்க" என்று சொல். சொல்லலாம், வேலை போகாது. போனால் அது போக வேண்டிய வேலை.

அப்புறம், எழுப்புவது. ஒருமுறை மேசையில் தூங்கியவரைத் துடைப்பக் கட்டையால் நாற்காலிக் காலில் தட்டி எழுப்பினேன். அலறிக்கொண்டு எழுந்தார், கை என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. அடிக்கவில்லை. அவர்தான் என்னைவிட அதிகம் நடுங்கினார். வெளியில் படுப்பவரைப் பாதித் தூக்கத்தில் தொடுகிறவர்கள் பெரும்பாலும் உதைக்கவோ திருடவோதான் வருகிறார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. ஆகவே தொடாதே. பின்னால் இருந்து போகாதே. எதிரே, கை எட்டாத தூரத்தில் நின்று, சாதாரணக் குரலில் இரண்டு மூன்று தடவை கூப்பிடு. "சார், காபி ஏதாவது வேணுமா?" என்பதுதான் நான் கண்ட நல்ல வாக்கியம். எந்த வாடிக்கையாளரிடமும் கேட்கிற கேள்வி அது.

இதைக் கொஞ்சம் கவனமாகப் படி. தள்ளாட்டமும் குழறலும் எப்போதும் குடியால்தான் வரும் என்றில்லை. சர்க்கரை நோய்க்கு மருந்தெடுப்பவருக்கு ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கினாலும் இப்படித்தான் இருக்கும்: வியர்வை, நடுக்கம், குழப்பம், சம்பந்தமில்லாத பேச்சு, சில சமயம் கோபம். குளிரில் உடம்பின் சூடு ஆபத்தான அளவுக்கு இறங்கினாலும் நாக்குக் குழறும், நடை தடுமாறும். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கம் நின்று மந்தமாகிவிட்டால், தேறிவிட்டார் என்று நினைக்காதே, நிலைமை மோசமாகிறது என்று அர்த்தம். தலையில் அடிபட்டவரும் குடித்தவர் மாதிரியே தெரிவார். சர்க்கரை இறங்கியது போலத் தெரிந்து, நினைவோடு இருந்து, விழுங்கவும் முடிந்தால் இனிப்பாகக் குடிக்கக் கொடு. கூப்பிட்டும் எழவில்லை, மூச்சு சரியில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதே, உடனே ஆம்புலன்ஸ். நிஜமாகவே குடித்திருந்தாலும் அதே விதிதான். எழுப்ப முடியாத அளவு குடித்தவரும் சாகலாம்.

இதைச் சொன்னால் 'அப்போ எல்லாரையும் பொறுத்துக்கொள்ளணுமா' என்பார்கள். இல்லை. கத்தினால், மிரட்டினால், பெண்களைத் தொந்தரவு செய்தால் வெளியேதான். என் கடையில் ஒரு நாளில் இரண்டு பேரை வெளியே அனுப்பியிருக்கிறேன். ஒருவர் தெருவில் படுப்பவர், இன்னொருவர் காரில் வந்தவர். இரண்டு பேரிடமும் ஒரே வார்த்தை: "இன்னைக்குப் போயிட்டு நாளைக்கு வாங்க." மறுநாள் வந்தது தெருவில் படுப்பவர்தான்.

கேள்வி: ஒரு காபி கொடுத்துவிட்டு ரொம்பத்தான் பெருமைப்பட்டுக்கொள்கிறீர்கள். காபியால் யாருக்காவது வீடு கிடைத்ததா? - பெயரில்லாக் கடிதம்

கிடைக்காது. உங்கள் கோபத்தோடு நான் ஒத்துப்போகிறேன். பெயரைப் போட்டிருக்கலாம்.

வீடில்லாமைக்கு மருந்து வீடுதான். கேட்கச் சப்பென்று இருக்கும், ஆனால் உலகம் ரொம்ப நாள் தலைகீழாகத்தான் செய்துகொண்டிருந்தது. முதலில் குடியை நிறுத்து, மருந்து சாப்பிடு, ஒழுங்காக நட, அப்புறம் பார்க்கலாம் வீடு என்று. 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இதைத் திருப்பிப் போட்டார். முதலில் சாவியைக் கொடு, மற்றதை வீட்டுக்குள் இருந்துகொண்டு சரிசெய்யலாம். பின்லாந்து 2008 முதல் இந்த வழியை நாட்டுக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. கட்டில் கட்டிலாகப் போட்டிருந்த தங்கும் விடுதிகளைத் தனி வாசல், தனிப் பூட்டு உள்ள குடியிருப்புகளாக மாற்றினார்கள். வாடகை ஒப்பந்தம் அவரவர் பெயரில். 1987-இல் அங்கே சுமார் 18,000 பேர் வீடில்லாமல் இருந்தார்கள். 2022-இல் அது 4,000-க்கும் கீழே வந்தது. இதை எந்தக் காபிக் கடையும் செய்யவில்லை, அரசும் நகராட்சிகளும் பணம் போட்டுச் செய்தன. ஆகவே உங்கள் ஊரில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள், என்னிடம் கேட்ட அதே கோபத்தோடு.

கடைக்கென்று சின்னச் சின்ன வேலைகள் இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 2012-இல் 'சோஷியல் பைட்' என்று ஒரு கடை ஆரம்பித்தார்கள். வாசலில் பத்திரிகை விற்றுக்கொண்டிருந்த வீடற்ற இளைஞர் ஒருவர் உள்ளே வந்து வேலை கேட்க, கொடுத்தார்கள். அப்படியே இன்னும் சிலர் சேர்ந்தார்கள். எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை. நான் செய்தது முகவரி கொடுத்தது.

பெரியவருக்கு வீட்டு விண்ணப்பம் போட முகவரி தேவைப்பட்டது. வீடு கேட்கிறவனிடம் வீட்டு விலாசம் கேட்கிறார்கள் என்று முணுமுணுத்தார். கடை விலாசத்தை எழுதச் சொன்னேன். அதற்குப் பிறகு, சில்லறையை எண்ணி வைத்ததும் ஒரு கேள்வி சேர்ந்துகொண்டது: "எனக்கு ஏதாவது வந்ததா?" ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் கேட்டார். இல்லை என்று சொல்வது எனக்குத்தான் கஷ்டமாக இருக்கும். அவர் தலையாட்டிவிட்டு மேசைக்குப் போவார். இரண்டு தடவை கடிதம் வந்தது. இரண்டும் மறுப்பு. மூன்றாவதை உறையைப் பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முழுக் காபியையும் குடித்து முடித்தார். அப்புறம்தான் பிரித்தார். ஒற்றை அறை, தனிப் பூட்டு.

போன பிறகு ரொம்ப நாள் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. ஒருநாள் காலையில், அவசரமே இல்லாமல், கூட்டமெல்லாம் கலைந்த பத்து மணிக்கு வந்தார். கையில் பையே இல்லை. அதே மேசை. உட்கார்ந்ததும் ஒரு கால் மேசைக்கடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தது, வாரைச் சுற்றிக்கொள்ள. இரண்டு வாய் குடித்தார். எழுந்து கல்லாவுக்கு வந்து கோப்பையை என் முன்னால் வைத்தார்.

"காபி தண்ணியா இருக்கு" என்றார்.

மூன்று வருஷத்தில் முதல் புகார். வேறு போட்டுக் கொடுத்தேன்.